வண்டுகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு

கோவளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது இருபத்தேழு, பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, தை மாசம் கல்யாணம். (மூன்று தகவல்களையும் அவரேதான் கொடுத்திருக்கிறார். மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறார்.)

அவர் பிரச்னை, கட்டில். தாத்தா செய்தது. தேக்கு என்று மூன்று தலைமுறையாக வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் காலடியில் யாரோ முகப் பவுடரைக் கொட்டினது மாதிரி மாவு. துடைத்தால் மறுநாள் மறுபடி. மரத்தில் குண்டூசியால் குத்தினது போல ஓட்டைகள். அப்பா, "இந்தக் கட்டில்லதாண்டா நீ பொறந்தே. இதைத் தூக்கிப் போட்டா நானும் கூடவே போறேன்" என்கிறார். அம்மா, "மாவு கொட்டற கட்டில்ல வர்ற பொண்ணைப் படுக்க வெக்கறதா? அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க?" என்கிறார். வந்து பார்த்த ஆசாரி ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "வெந்நீர் அடுப்புக்கு ஆகும் சார்."

கடைசிப் பாராவில்தான் கேள்வி வருகிறது. 'எங்க ஊருக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் கல்பாக்கம். அணுக்கதிர் காட்டினால் மரத்துக்குள்ளே இருக்கிற பூச்சி சாகும் என்று எங்கேயோ படித்தேன். நிஜமா? நிஜமென்றால் என் கட்டிலுக்குக் காட்ட முடியுமா? காட்டினால் அப்புறம் அதில் நாங்கள் படுக்கலாமா?'

'நாங்கள்' என்பதற்கும் ஒரு அடிக்கோடு.

முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில், ஆமாம். நடுக் கேள்விக்குத்தான் கொஞ்சம் சங்கடமான பதில். வரிசையாக வருகிறேன்.

முதலில் குற்றவாளி யார் என்று பார்த்துவிடலாம். மரத்தைத் தின்கிற பிராணிகளில் நம் வீட்டுக்கு வருவது முக்கியமாக இரண்டு கட்சி. ஒன்று கரையான். மண்ணில் புற்று வைத்து, சுவரோரம் மண் குழாய் கட்டிக்கொண்டு, ஊர்வலமாக வந்து தின்றுவிட்டுப் போகும். மாவு கொட்டாது, மண்தான் இருக்கும். இன்னொன்று வண்டு. கோவளத்துக் கட்டிலில் இருப்பது இந்த இரண்டாவது கட்சி என்று மாவே சாட்சி சொல்கிறது. 'உளுத்துப் போச்சு' என்று நாம் சொல்கிறோமே, அதற்குக் காரணகர்த்தா. அரிசி மணி நீளம்தான் இருக்கும். தாய் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வருகிற புழுதான் தீனி மன்னன். மரத்துக்குள்ளே மாதக்கணக்காக, சில சமயம் வருஷக்கணக்காகச் சுரங்கம் தோண்டித் தின்றுகொண்டே இருக்கும். பிறகு கூட்டுப் புழுவாகி, வண்டாகி, ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

இதில் கவனிக்க வேண்டிய சமாசாரம், நீங்கள் பார்க்கிற ஓட்டை வண்டு உள்ளே போன வழி இல்லை. வெளியே போன வழி. ஓட்டைக்குள் இன்ஜெக்ஷன் ஊசியால் மருந்து அடிக்கிறீர்களே, அது பெரும்பாலும் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி. இன்னும் குடியிருக்கிறவர்கள் ஓட்டையே போடாமல் உள்ளே இருக்கிறார்கள். பூச்சி மருந்துக்குத் தண்ணி காட்டுகிற வித்தை அங்கேதான் இருக்கிறது. தெளித்த மருந்து மேலே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இறங்கும். புழு இருப்பதோ நடுக்கட்டையில்.

அதனால்தான் விஞ்ஞானிகளுக்குக் கதிர் மேலே ஆசை வந்தது. கோபால்ட்-60 என்று ஒரு உலோகம். அதிலிருந்து வருகிற காமா கதிர், மரத்தை மரமாகவே மதிக்காது. தேக்குப் பலகையில் முக்கால் சாண் ஆழம் போன பிறகுதான் அதன் வேகம் பாதியாகும். கட்டில் கால், நிலைப்படி, சாமி சிலை எல்லாம் அதற்குக் கண்ணாடி ஜன்னல்.

* * *

கதிர் பட்டதும் வண்டு 'ஐயோ' என்று மல்லாந்து விழும் என்று நினைக்காதீர்கள். அநேகமாக ஒன்றுமே நடக்காது. வண்டு பாட்டுக்கு நடந்து போகும். ஒரு வாரம், சில சமயம் பல வாரம்கூட உயிரோடு இருக்கும். ஆனால் கதை முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது.

காமா கதிர் தாக்குவது உயிரணுக்களின் மரபுச் சங்கிலியை. வளர்ந்து முடிந்த உடம்பில் உயிரணுக்கள் சும்மா வேலை பார்த்துக்கொண்டிருக்கும். சங்கிலி அறுந்தாலும் கொஞ்ச நாள் ஓட்டிவிடும். இரண்டாகப் பிரிந்து பெருகுகிற உயிரணுக்கள்தான் உடனே மாட்டிக்கொள்ளும். வண்டின் உடம்பில் அப்படிப் பெருகுகிற இடம் எது? வம்சவிருத்திப் பிரிவு. ஆகவே வளர்ந்த வண்டு மலடாகும். புழு, அடுத்த தோல் உரிக்க முடியாமல் அப்படியே நின்று சாகும். முட்டை பொரியாது. அரசாங்கம் சிவப்பு முக்கோணம் போட்டு 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எத்தனையோ வருஷம் சுவரில் எழுதியதை, கோபால்ட் சில மணி நேரத்தில் 'நமக்கு ஒருவரும் இல்லை' என்று முடித்துவிடுகிறது.

இதை முதலில் கவனித்தது சிகரெட் விவகாரத்தில். 1916-ல் அமெரிக்காவில் ரன்னர் என்கிற ஆராய்ச்சியாளர், புகையிலையைத் தின்னும் சிகரெட் வண்டுக்கு எக்ஸ்ரே காட்டிப் பார்த்தார். வண்டு சாகவில்லை. ஆனால் அது இட்ட முட்டைகள் உருப்படவில்லை. கதிர் காட்டிய ஆண் ஈக்களை லட்சக்கணக்கில் வளர்த்து ஊருக்குள் விட்டு, பெண் ஈக்களை ஏமாற்றி, கால்நடைகளைத் தின்னும் ஒரு ஈயின் வம்சத்தையே 1954-ல் குராசோ தீவிலிருந்து துடைத்தார்கள். (அந்தப் பெண் ஈக்களின் சாபம் யாரைப் பிடித்ததோ.)

எவ்வளவு கதிர் வேண்டும்? கதிரை அளக்க 'கிரே' என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். மனுஷனுக்கு உடம்பு முழுக்க நாலைந்து கிரே பட்டால், வைத்தியம் இல்லாவிட்டால் பாதிப் பேர் தேறமாட்டார்கள். வெங்காயம் முளைவிடாமல் இருக்க நூறு கிரேயைச் சுற்றி. மரத்து வண்டுக்கு 500 கிரேயிலிருந்து ஆரம்பம். பூஞ்சைக் காளானுக்குப் பத்தாயிரம் வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி ஊசி, நூல் எல்லாவற்றையும் கிருமி நீக்க வழக்கமாகக் கொடுப்பது 25,000. ஆக, மனுஷனைப் போல நூறு மடங்கு கெட்டி ஆசாமி இந்த வண்டு. அணுகுண்டு போட்டால் கரப்பான் பூச்சிதான் மிஞ்சும் என்பார்களே, பக்கத்திலேயே ஒரு கட்டிலும் இருந்தால் அதற்குத் துணைக்கு ஆள் உண்டு.

மரம்? அது கவலையே படாது. லட்சம் கிரேயைத் தொட்டால்தான் அதன் பலம் கணிசமாகக் குறையும்.

இனி, படுக்கலாமா என்கிற கேள்வி. தாராளமாக. கோபால்ட்-60-இன் காமா கதிர் பட்ட பொருள் கதிரியக்கப் பொருளாக மாறிவிடாது. அணுக்கருவை அசைக்கிற அளவுக்கு அதற்குச் சக்தி போதாது. சுவரில் டார்ச் அடித்தால் சுவர் டார்ச் ஆகிவிடுமா? மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து நாம் சாப்பிடவில்லையா? கதிரியக்கப் பொடி மேலே ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. கோபால்ட்டோ இரட்டைச் சட்டை போட்டது போல உலோக உறைக்குள்ளே மூடி வைக்கப்பட்டிருக்கும். கட்டிலில் ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

* * *

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இல்லை. பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேஸ் செத்து மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 1976-ல் விமானம் ஏறிப் பாரிஸ் போனார். உடம்பில் காளான் பிடித்துவிட்டது. விமான நிலையத்தில் ராணுவ மரியாதை. (பாஸ்போர்ட்டே எடுத்தார்கள், அதில் தொழில் என்ற இடத்தில் 'ராஜா' என்று போட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நல்ல கதைகளுக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை.) 1977-ல் அவருக்குப் பத்தாயிரம் கிரேக்கு மேலே காமா கதிர் கொடுத்து, காளானை ஒழித்து, ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதே பிரான்சில் க்ரெனோபிள் என்ற ஊரில் நூக்ளியார்ட் என்று ஒரு கூடம் இருக்கிறது. பழைய மரச் சிலைகள், மாதா கோயில் பலிபீடங்கள், உளுத்த ஓவியச் சட்டங்கள் எல்லாம் அங்கே போய்க் கதிர்க் குளியல் எடுத்துக்கொண்டு வருகின்றன. ஆரம்பம் 1970-ல், அந்த ஊர்ப் பழைய டவுன்ஹாலின் மரத் தரையில். உளுத்துப் பஞ்சாகிப் போன மரத்தில் திரவப் பிசினை ஏற்றி, காமா கதிர் காட்டினார்கள். பிசின் உள்ளுக்குள்ளேயே கெட்டியாகி மரம் மறுபடி கல் மாதிரி ஆகிவிட்டது. சைபீரியாவில் கிடைத்த குட்டி யானை ஒன்று, 'மம்மத்' என்கிற மயிர் யானை ஜாதி, பல்லாயிரம் வருஷம் பனியில் கிடந்தது, அதையும் 2010-ல் அங்கே கொண்டுவந்து கிருமி நீக்கினார்கள். கட்டிலெல்லாம் அவர்களுக்குத் தூசு.

நம் ஊர் சும்மா இருக்கிறதா? இல்லை. ஆனால் நாம் மரத்துக்குப் பதில் மாம்பழத்தில் ஆரம்பித்தோம். மாங்கொட்டைக்குள்ளே ஒரு வண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பழத்தை அறுத்துக் கொட்டையை உடைத்தால்தான் தரிசனம். கட்டில் வண்டுக்கும் இதற்கும் ஒரே தந்திரம். வெளியே ஒரு அடையாளமும் இருக்காது, தெளித்த மருந்தும் எட்டாது. அமெரிக்காக்காரன் இந்த வண்டு தன் நாட்டுக்கு வந்துவிடும் என்று பயந்து பல வருஷம் நம் மாம்பழத்தை உள்ளே விடவில்லை. 2006-ல் புஷ் டெல்லிக்கு வந்தபோது பேசி முடித்தார்கள். 2007-ல் முதல் பெட்டிகள் போயின, 400 கிரே வாங்கிக்கொண்டு. கதிர் காட்டிய இடம் மகாராஷ்டிராவில் லாசல்காவ். வெங்காயத்துக்காகப் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-ல் அங்கே அமைத்த கூடம். நவி மும்பை வாஷியில் 2000-த்திலிருந்து மசாலாச் சாமான்களுக்கு ஒன்று. டிராம்பேயில் 1974-லேயே ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கு ஒன்று. கோபால்ட்டை நாமே நம் அணு உலைகளில் தயாரிக்கிறோம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் 1957-லேயே கோபால்ட் சிகிச்சை ஆரம்பித்தாயிற்று. ஆக, பழைய சிநேகிதன்தான்.

அப்புறம் ஏன் கட்டிலுக்கு மட்டும் யாரும் செய்வதில்லை?

இதற்குப் பதில் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கே போனேன். (கட்டில்காரர் வீட்டுக்கு இல்லை. கல்யாண வீட்டில் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது.) கடற்கரையில் கட்டுமரத்தைத் தேடினால் கிடைப்பேனா என்கிறது. வரிசையாக ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு மிச்சம் மீதி இருந்த மரமும் போய் எல்லாம் பிளாஸ்டிக் மயம். நடுவே சர்ஃபிங் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் பெரியவரே, கட்டுமரத்துல வண்டு அரிக்காதா?"

"வண்டு இன்னா தம்பி வண்டு, கடல்ல பூச்சி கீது. உட்டா ரெண்டு மாசத்துல கட்டையைத் தேன்கூடு ஆக்கிடும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"கடலுக்குப் போயி வந்ததும் கட்டை அவுத்துப் போட்டுருவோம். தனித்தனியா வெயில்ல காயும். அடுத்த நாளு மறுபடி கட்டிக்கினு போவோம். காஞ்ச கட்டையில அது பொழைக்காது."

"மருந்து?"

"வெயிலுக்கு மேல இன்னா மருந்து?" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் சொன்ன 'பூச்சி', பூச்சியே இல்லை. புழு மாதிரி நீண்ட ஒரு சிப்பி. கப்பல் புழு என்று பெயர். தலையில் இருக்கிற இரண்டு ஓடுகளை அரம் மாதிரி வைத்து ராவி மரத்தைத் துளைக்கும். 1730-களில் ஹாலந்து நாட்டின் கடலணை மரங்களையே தின்று அந்த நாட்டைத் தூங்கவிடாமல் செய்தது. லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய புருனெல், இந்தப் புழு தோண்டுகிற அழகைப் பார்த்துத்தான் தன் இயந்திரத்தை யோசித்தார் என்று சொல்வார்கள்.

பெரியவர் பேச்சில் எனக்கு வேண்டிய பதில் இருந்தது. கட்டுமரத்துக்கு 500 கிரே கதிர் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற அத்தனை புழுவும் ஒழியும். மறுநாள் கடலில் இறக்கினால்? புதுப் புழு ஏறும். கதிருக்கு ஞாபகார்த்தம் கிடையாது. மருந்து மாதிரி மரத்தில் தங்கிக் காவல் காக்காது. இன்று இருப்பதை இன்று கொல்லும், அவ்வளவுதான். கல்பாக்கத்திலேயே பாருங்களேன். மின் நிலையத்துக்குக் குளிர்ச்சித் தண்ணீர் எடுக்கக் கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது. அதில் பச்சை மட்டி குடியேறி வழியை அடைக்கும். பக்கத்திலேயே அணு உலையை வைத்துக்கொண்டு, மட்டியை விரட்ட அவர்கள் உபயோகிப்பது என்ன தெரியுமா? குளோரின்! நம் ஊர் முனிசிபாலிட்டித் தண்ணீர்த் தொட்டி சமாசாரம்.

வியாபார மரத்துக்கும் இதே கதைதான். 1996-ல் நியூயார்க் புரூக்ளினில் தெருமரங்கள் பட்டுப் போக ஆரம்பித்தன. பார்த்தால் நீளக் கொம்பு வைத்த ஒரு வண்டு, சீனாவிலிருந்து வந்த பெட்டி மரத்தில் டிக்கெட் இல்லாமல் வந்திறங்கியிருக்கிறது. உலகமே அலறி, 2002-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏற்றுமதிப் பெட்டி மரம் நடுக்கட்டை வரை 56 டிகிரி சூடேறி அரைமணி நேரம் இருக்க வேண்டும், அல்லது மீத்தைல் புரோமைடு புகை போட வேண்டும். ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் பெட்டி மேலே கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை பார்த்திருப்பீர்களே, அதுதான். பின்னால் இன்னும் இரண்டு முறைகளைச் சேர்த்தார்கள். அணுக்கதிர் அந்தப் பட்டியலில் இன்றுவரை இல்லை. காரணம் எளிது. கதிர் காட்டினால் வண்டு உடனே சாகாது என்றேனே! துறைமுக அதிகாரி பெட்டியைத் திறக்கிறார், உள்ளே வண்டு ஜம்மென்று மீசையை ஆட்டுகிறது. 'இது ஆபரேஷன் செய்த வண்டு சார்' என்று எப்படி நிரூபிப்பது? பழப் பெட்டிக்கு மேலே மேற்பார்வைக்கு அதிகாரியை வைக்கலாம். ஊருக்கு ஊர் ஆணி அடிக்கிற மரப்பெட்டிக்கு முடியுமா?

இத்தனைக்கும் புகை ஒன்றும் புண்ணியவான் இல்லை. மீத்தைல் புரோமைடு ஓசோன் படலத்தில் ஓட்டை போடுகிற ஆசாமி. உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டு, துறைமுகத்துப் பூச்சி விவகாரத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். வேறு வழி சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வரிசையில் கதிருக்கும் ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

* * *

கட்டிலுக்கு வருகிறேன். கல்பாக்கம் மின்சாரமும் ஆராய்ச்சியும் நடக்கிற இடம். கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றால் பாதுகாப்புப் படை ஜவான் உங்களை வேறு இடத்துக்கு அனுப்பிவைப்பார். வியாபாரரீதியாகக் கதிர் காட்டுகிற கூடங்களோ அட்டைப் பெட்டி அளவுகளுக்காகக் கட்டப்பட்டவை. ஒற்றைக் கட்டிலுக்காக யாரும் சங்கிலியை நிறுத்த மாட்டார்கள். வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுகிற வண்டி ஒன்று இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் என்ன நடந்தது? பல்கலைக்கழகம் ஒன்று பல வருஷமாக உபயோகிக்காமல் வைத்திருந்த காமா கருவியை ஏலத்தில் விட்டுவிட்டது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் காயலான் கடையில் உடைத்தார்கள். ஒரு தொழிலாளி செத்துப் போனார், பலர் ஆஸ்பத்திரியில். கோபால்ட்டின் வீரியம் பாதியாக ஐந்தே கால் வருஷம் ஆகும். கால் நூற்றாண்டு மூலையில் கிடந்த பிறகும் மிச்சமிருந்ததே ஆளைக் கொல்லப் போதுமாக இருந்தது. கதிர் பட்ட கட்டிலைப் பார்த்துப் பயப்படுகிற நாம், கணக்கில் வராத கோபால்ட்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

அதேபோல, 'மாத்திரை வைத்தால் போதும் சார், ஒரே ராத்திரி' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அரிசி மூட்டைக்கு வைக்கிற அந்த மாத்திரை விஷ வாயுவாகிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்த அறையில் தூங்கிய இரண்டு குழந்தைகள் போய்விட்டார்கள். வண்டு கட்டிலைத்தான் தின்னும்.

வேறு என்ன செய்யலாம்? முதலில் மாவு புதிதா, பழசா என்று தெரிய வேண்டும். ஓட்டைகளையெல்லாம் மெழுகால் அடைத்துவிட்டு, கீழே கறுப்புக் காகிதம் விரியுங்கள். ஒரு மாசம் மாவும் புது ஓட்டையும் இல்லை என்றால் உங்கள் விருந்தாளிகள் ஏற்கெனவே போய்விட்டார்கள். நாம் வெறுமனே காலிமனையைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம். மாவு வந்தால், ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். இந்த மாவு வண்டுக்கு வேண்டியது மரத்தில் இருக்கிற ஸ்டார்ச். அது வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில்தான் இருக்கும். தேக்கின் நடுவே வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது. தாத்தா கட்டிலில் காலும் சட்டமும் வைரமாக இருந்து, ஓரத்து ரீப்பர் மட்டும் உளுத்திருந்தால், ஆசாரியின் தீர்ப்பை அப்பீலில் ரத்து செய்துவிடலாம். உளுத்த துண்டை மட்டும் மாற்றினால் போதும். கட்டில் முழுக்க மாவென்றால், மன்னிக்கவும், அது தேக்கே இல்லை. இதை அப்பாவிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லுங்கள்.

நிஜமாகவே உள்ளே உயிர் இருக்கிறதென்றால் கதிர் செய்கிற வேலையைச் சூடு செய்யும். மேலே சொன்ன 56 டிகிரி, அரை மணி. ஏற்றுமதிக்குப் பெட்டி அடிக்கிறவர்களிடம் அதற்கென்று சூட்டு அறை இருக்கும். கட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பெட்டி மரத்தோடு மரமாக ஒரு ஓரத்தில் வைக்கச் சம்மதித்தால் வேலை முடிந்தது. பாலிஷ் போய்விடும், மூட்டு கொஞ்சம் தளரும். வந்ததும் பாலிஷைச் சுரண்டிவிட்டு, போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீரில் கரைத்து வெறும் மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசிக் காயவைத்து, அப்புறம் புது பாலிஷ். உள்ளே இருந்ததைச் சூடு கொல்லும், புதிதாக வருவதைப் போராக்ஸ் தடுக்கும். ரப்பர் மரச் சாமான் விற்கிறவர்கள் ஆலையிலேயே மரத்துக்கு இந்த உப்பை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் அது ஆறு மாசம் தாங்காது. வெயில் மட்டும் போதாதா என்றால், மெல்லிய ரீப்பருக்குக் கறுப்புப் பாலிதீன் மூடிச் சித்திரை வெயிலில் போட்டுப் பார்க்கலாம். கட்டில் கால் தடிமனுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். கட்டுமரப் பெரியவரின் வெயில் சிப்பிக்கு வைத்தது. இது வேறு ஜாதி.

எனக்குக் கதிர் விஷயத்தில் ஒரு ஆசை பாக்கி இருக்கிறது. திருப்போரூர், திருக்கழுக்குன்றம், காஞ்சிபுரம் என்று எந்தக் கோயில் வாகன மண்டபத்துக்கும் போய்ப் பாருங்கள். மரக் குதிரை, மர யானை, மர அன்னம். வருஷத்துக்கு ஒரு நாள் டியூட்டி, மிச்சம் 364 நாள் இருட்டில் லீவு. வண்டுக்கு இதைவிட நல்ல லாட்ஜ் எங்கே கிடைக்கும்? எழும்பூர் மியூசியத்தில் தேர்ச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே 1930-லேயே பரமசிவன் என்கிற வேதியியல்காரரை வைத்துப் பாதுகாப்புக் கூடம் ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட மரத்தில் சூடு காட்ட முடியாது. வர்ணம் உரியும், வெடிப்பு விடும். போராக்ஸ் பூசினால் கறை. கதிர் ஒன்றுதான் தொடாமலே உள்ளே போய்விட்டு வரும். பிறகு சுத்தமான அறையில் வைத்து, புது வண்டு ஏறாமல் பார்த்துக்கொண்டால் முடிந்தது. க்ரெனோபிள்காரர்கள் மாதா சிலைக்குச் செய்வதை நம் குதிரை வாகனத்துக்குச் செய்ய ஒரு அறை போதும். வெங்காயத்துக்குக் கட்டியாகிவிட்டது, மாம்பழத்துக்கும் ஆயிற்று.

காஞ்சிபுரத்தில் மட்டும் ஒருவருக்கு இந்தக் கவலையே இல்லை. அத்தி வரதர், குளத்துத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறார். 1979-ல் வந்தார், 2019-ல் 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். பக்தர்களின் காரணம் அவர்களுடையது. பூச்சி சாஸ்திரப்படி பார்த்தாலும் அடி ஆழத் தண்ணீரில் வண்டுக்கு மூச்சுவிடக் காற்று கிடையாது, காளானுக்கும் கிடையாது, நல்ல தண்ணீர் என்பதால் கப்பல் புழுவும் வராது. அடுத்த தரிசனம் 2059-ல்.

(மூட்டைப் பூச்சிக்கும் இதே கதிர் காட்டலாமா என்று திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து ஒன்பது பேர் ஒரே கார்டில் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம்.)